கோடிட்ட இடத்தை விட்டுவைக்காதவள்

அக்காவுக்குப் பெரிய கை. கேள்விக்குக் கீழே இருக்கிற விடைகள் எல்லாவற்றையும் ஒரே உள்ளங்கையால் மூடிவிடுவாள். மூடிக்கொண்டுதான் கேள்வியைப் படிப்பாள். விழுப்புரத்தில் நாங்கள் படித்த கோச்சிங் சென்டரில் வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை. நாங்களெல்லாம் கேள்வியை அரைக்கண்ணால் பார்த்துவிட்டு நேராக விடைகளுக்குத் தாவி, எது கொஞ்சம் தெரிந்த முகமாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிற கூட்டம்.

பெயரை எழுதப்போவதில்லை. எல்லாத் தெருவிலும் இருக்கிற பெயர்தான். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் எல்லோரும் அவளிடம் ஊரைக் கேட்டார்கள். இப்போது அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியவேண்டாம் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதே வெட்கக்கேடு என்றும் தெரிகிறது. என்ன செய்வது, என் பிழைப்பு அப்படி.

வங்கித் தேர்வில் ஆங்கிலம் என்றாலே எனக்குப் பயம். கண்டாச்சிபுரம் பக்கத்தில் தமிழ் வழியில் படித்தவள் நான். கணக்கைக் கொடுத்தால் போட்டுத் தள்ளிவிடுவேன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, நடுவில் கோடு போட்டு, பொருத்தமான சொல்லால் நிரப்பு என்றால் அவ்வளவுதான், கை கால் ஓடாது. சார் எழுப்பிவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். முன் பெஞ்சில் கான்வென்ட் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கிற பார்வைக்குப் பயந்தே ஒரு நாள் பாத்ரூம் போகிறவள் மாதிரி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கு முன் நாங்கள் பேசியதில்லை. வயதில் மூத்தவள் என்பதால் வகுப்பே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

"அழுவுறியா, கண்ணுல தூசா?"

"தூசுக்கா."

"சரி, தூசுன்னே வச்சிக்கலாம். இத பாரு." புத்தகத்தை மடியில் விரித்து விடைகளின் மேல் கையை வைத்தாள். "ஆல்தோன்னு ஆரம்பிச்சிருக்கான் பாத்தியா? அது இண்டிகேட்டரு. வண்டி திரும்பப் போவுதுன்னு அர்த்தம். தலைவரோட பேச்சு ரொம்ப நீளமா இருந்துச்சாம். நீளமா பேசுனா நமக்கு இன்னா வரும்?"

"கொட்டாவி."

"வண்டி திரும்பிடுச்சுன்னு சொன்னேனே. இப்ப?"

"கொட்டாவி வராது."

"அவ்ளோதான்டி. கொட்டாவி வராத பேச்சு. அத மனசுல புடிச்சி வச்சிக்கோ. இப்பதான் கைய எடுக்கணும்."

கையை எடுத்தாள். டீடியஸ், வெர்போஸ், பிரீஃப், கிரிப்பிங். எனக்கு முதல் இரண்டும் தெரியாது. "அது ரெண்டும் ரெட்டப் புள்ளைங்க, ஒரே ஜாடை, ரெண்டுமே இழுவைதான். ஒண்ணு சரின்னா இன்னொண்ணும் சரியாவணும். அதனால ரெண்டையும் தள்ளு. பிரீஃப்னா சுருக்கம். நீளம்னு மேலயே சொல்லிட்டான், அதுவும் இல்ல. கிரிப்பிங்னா, சைக்கிள் கைப்பிடியில ரப்பர் கிரிப்பு மாட்டுவாங்க இல்ல, புடிச்சிக்கறதுக்கு? ஆளப் புடிச்சி உக்கார வச்சிக்கற பேச்சு."

அட, இவ்வளவுதானா என்று இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு நான் கணக்கு, எனக்கு அவள் ஆங்கிலம். கணக்கில் அவள் சுத்த மக்கு. வட்டி விகிதம் போட்டால் அசலைத் தொலைத்துவிடுவாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன், அவள் சிரித்துக்கொண்டே அழித்து எழுதுவாள்.

ஆனால் அவளிடம் ஒரு வியாதி இருந்தது. தெரியாத கேள்வியை விடமாட்டாள். தவறான விடைக்குக் கால் மார்க் குறைப்பார்கள். விட்டுவிட்டால் ஒன்றும் போகாது. சார் தொண்டை வறளச் சொல்வார், தெரியலன்னா தொடாத, அடுத்ததுக்குப் போ என்று. அக்கா தொடுவாள். ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் வகுப்பிலேயே அதிகக் கேள்விக்கு விடை எழுதியவள் அவளாக இருப்பாள், கழித்ததெல்லாம் போக நடுவில் வந்து நிற்பாள். சார் ஒரு நாள் விடைத்தாளை மேசையில் போட்டுக் கத்தினார்.

"ஏம்மா, உனக்கு இதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், எஸ்.சி. சலுகையிலயும் எழுத முடியாது. தெரியுமில்ல? நீயெல்லாம்..." என்று சொல்லி நிறுத்தினார்.

"தேறமாட்ட. அதானே சார்?" என்றாள் அக்கா.

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். அதுதான் அவள். காகிதத்தில் மட்டுமல்ல, ஆள் வாயிலும் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் அவளால் தாங்கமுடியாது. டீக்கடையில் ஒருவர் "ஒரு டீ, அப்புறம்..." என்று யோசித்தால் இவள் "வடை" என்பாள். ஏன்க்கா இப்படி என்று கேட்டதற்கு, "ஒருத்தன் பாதியில நின்னுக்கினு முழிக்கிறான்டி. பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா?" என்றாள்.

முதல்நிலைத் தேர்வை நாங்கள் இரண்டு பேருமே கம்ப்யூட்டரில் எழுதினோம். எனக்கு முன் வரிசையில் அக்கா. திரையில் கையை வைத்து விடைகளை மூடிவிட்டாள். மேற்பார்வையாளர் ஓடி வந்து "மேடம், ஸ்க்ரீன தொடாதீங்க" என்றார். கையை எடுத்தாள், அவர் போனதும் வைத்தாள். மறுபடியும் வந்தார். "மேடம், ஸ்க்ரீன மூடிக்கினு எழுதுறதுன்னா வீட்டுலயே எழுதலாமே" என்றார். எனக்கு மானம் போனது. அவளோ வெளியே வந்து, "பேஜாரு புடிச்ச மனுசன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாக்கியத்தை முடித்துவைக்கிற இந்தப் பழக்கம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் எந்தக் கிராமமும் இரண்டு துண்டு. ஊர் ஒன்று, காலனி ஒன்று. புதிதாகப் பார்க்கிறவர்கள் யாரும் சாதியை நேராகக் கேட்கமாட்டார்கள், அது மரியாதை இல்லை. ஊர்ப் பெயரைக் கேட்பார்கள். சொன்னதும், "ஊருக்குள்ளயா, இல்ல..." என்று இழுத்து நிறுத்துவார்கள். அந்த இடத்தில் நம் முகத்தைப் பார்ப்பார்கள். மீதியை முகத்திலேயே படித்துக்கொள்வார்கள்.

நானும் காலனிதான். எனக்கு அதற்கு ஒரு வித்தை இருந்தது. ஊர்ப் பெயரையே சொல்லமாட்டேன். கண்டாச்சிபுரம் என்று பஸ் நிற்கிற ஊரைச் சொல்லிவிட்டு உடனே, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று திருப்பிவிடுவேன். யாரும் அதற்கு மேல் தோண்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் தப்பித்தோம் என்று இருக்கும், உடனே சீ என்றும் இருக்கும்.

அக்காவுக்கு ஓமந்தூர் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு முடிந்ததும், மதியம் திண்டிவனத்தில் மாதிரித் தேர்வு என்று நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினோம். எதிரே ஓர் அம்மா மடியில் மல்லிகைப் பந்தோடு உட்கார்ந்திருந்தார். விக்கிரவாண்டி வருவதற்குள் எங்களோடு நன்றாகப் பழகிவிட்டார். பூவைத் துண்டு போட்டு எங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் என்று எடுத்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

"ஓமந்தூர் பக்கங்க."

"அப்படியா? ஊருக்குள்ளயா, இல்ல..."

"காலனிங்க" என்றாள் அக்கா, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

அந்த அம்மா ஒன்றும் தவறாகப் பேசவில்லை. "ஓ, சரி சரி" என்றார். பூவையும் கொடுத்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை, சீட்டின் மேல் வைத்தார். அக்கா எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். எனக்கு வைத்த துண்டை நான் எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னை அந்த அம்மா கேட்கவே இல்லை, கூட வருகிறவள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அதற்கு அக்காவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. இறங்கியதும் கொட்டினேன்.

"அவங்களே பாதியில நிறுத்திட்டாங்க இல்ல? உன்ன யாரு முடிக்கச் சொன்னது?"

"முடிக்காம வுட்டா அவங்க நம்ம மூஞ்சியப் பாத்துக்கினே வருவாங்கடி திண்டிவனம் வரைக்கும். அது பரவாயில்லியா?"

பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

முதல்நிலையில் தேறிவிட்டோம். அடுத்தது மெயின்ஸ் என்கிற முதன்மைத் தேர்வு, அதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. அக்கா காலையில் ஊரிலிருந்து திண்டிவனம் வந்து, அங்கிருந்து விழுப்புரம் வந்து, சாயங்காலம் அதே மாதிரி திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். எனக்கும் அதே கதி. ஒரு ரூம் எடுத்துத் தங்கிப் படித்தால் தேறலாம், இல்லை என்றால் அவளுக்கு அத்தோடு முடிந்தது. அவளுடைய அம்மா களை எடுக்கப் போகிற இடத்திலெல்லாம் எம்பொண்ணு பேங்குக்குப் போவப்போறா என்று சொல்லி வைத்திருந்தார். ஏழெட்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடு தேடினோம். முதல் வீட்டில், "ஓமந்தூர்ல எங்கம்மா, ஊரா, இல்ல..." என்றார் ஒருவர். "காலனி" என்றாள் அக்கா. சொந்தக்காரங்க வர்றாங்களாம். இரண்டாவது வீட்டில் பெயின்ட் அடிக்கப்போகிறார்களாம். மூன்றாவது வீட்டில் கேட்டைத் திறக்கும்போதே நான் கும்பிடாத குறையாகச் சொன்னேன், கேட்டா பதில் சொல்லு, கேக்கறத முடிச்சி மட்டும் குடுக்காத என்று. "பாக்கலாம்" என்றாள்.

அந்த வீட்டு அம்மா நல்ல மாதிரி. வீட்டுக்காரர் அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறவர். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு விசாரித்தார். அக்கா ஊரைச் சொன்னாள். அங்கே எங்கே என்றதற்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால என்றாள். "ஓ... அப்ப நீங்க..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார். அக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே குக்கர் கிர்ரென்றது. அவர் எழுந்து ஓடினார். திரும்பி வந்தபோது, "மாடியில தண்ணி காலையில மட்டுந்தான் வரும், புடிச்சி வச்சிக்கணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். எங்கள் குலசாமியே குக்கரில் வந்து உட்கார்ந்ததாக நான் நினைத்தேன்.

அக்காவுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக இருந்தது. அவங்க கேட்டது பாதியில நிக்குதுடி, போய்ச் சொல்லிட்டு வந்துடட்டா என்பாள். நான் சண்டை போட்டு உட்காரவைப்பேன். நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அந்த அம்மா எங்கள் மேல் உயிரை விட்டார். அவளைப் பெரியவளே என்பார், என்னைச் சின்னவளே என்பார். மீன் குழம்பு வைத்தால் மாடிக்கு ஒரு கிண்ணம் வரும். படிக்கிற பிள்ளைகள் என்று டிவியைக்கூடச் சத்தம் குறைத்து வைத்தார். நான் சாப்பிட்டுக்கொண்டே நினைப்பேன், இது நமக்கு வந்த குழம்பில்லை, நம்மை வேறு யாரோ என்று நினைத்து வந்த குழம்பு என்று. நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன்.

அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. தெருவே கூடியிருந்தது. கலந்த சாதம் வகை வகையாகச் செய்து வைத்திருந்தார்கள். கை குறைகிறது என்று எங்களையும் கூப்பிட்டார். அக்கா புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் பரிமாறிக்கொண்டு போனாள். எனக்குத் தண்ணீர்க் குடம். வீட்டு அம்மாவின் நாத்தனார் அடுத்த தெரு. அவர் இலையில் அக்கா சோறு வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா நீ? புதுசா இருக்க."

வீட்டு அம்மா தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "மாடியில இருக்குற பொண்ணு அண்ணி. பேங்கு பரீட்சைக்குப் படிக்குது. ஓமந்தூர் பக்கம்."

"ஓமந்தூரா? நம்ம ஜனங்க நெறைய பேரு இருக்காங்களே அங்க. நீ ஊருக்குள்ளதானே? இல்ல..."

வீட்டு அம்மா, "பெரியவளே, அந்தப் பாத்திரத்த இப்படிக் கொண்டா, ஜல்தி" என்று கத்தினார். அக்காவுக்கு அது காதில் விழுந்ததா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"காலனிங்க" என்றாள்.

யாரும் திட்டவில்லை. நாத்தனாரின் கை இலைக்கு மேலே நின்றது. பக்கத்தில் இருந்தவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார், அடுத்த கவளம் எடுக்கவில்லை. ஒருவர், "எனக்குப் போதும்" என்று எழுந்து கைகழுவப் போனார். பின்னால் இன்னொருவர். அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டாள். நான் குடத்தை எங்கே வைத்தேன், எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. அவமானத்தால் உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சமயம் அவர்களை நினைத்து எரிந்தது, ஒரு சமயம் இவளை நினைத்து.

எல்லோரும் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டு அம்மா மேலே வந்தார். அழுதிருந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏன்டி பெரியவளே, இப்படிப் பண்ணிட்டியே."

"கேட்டாங்கம்மா. சொன்னேன்."

"அவ எங்கடி கேட்டா? பாதியிலதானே நிறுத்துனா? பாதியில நிறுத்துனா அப்படியே வுட்டுடணும்னு உனக்குத் தெரியாதா? இவ்ளோ படிச்சிருக்கியே!"

அக்கா அவரையே பார்த்தாள். "உங்களுக்கு மொதல்லியே தெரியுமாம்மா?"

"எங்கக்காவக் குடுத்ததே உங்க பக்கந்தான்டி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்குக் குக்கரு ஒரு விசிலு முழுசா அடிக்கல. நீ வாயத் தொறந்துடப்போறியேன்னு நாந்தான் எழுந்து ஓடுனேன்." மூக்கைச் சிந்தினார். "நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாதுடி. சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடுது. அப்புறம் இந்தத் தெருவுல நான் எப்படி இருக்கறது? பொண்ணு மாமியார் வேற வந்திருந்தாங்க."

இத்தனை நாள் நாங்கள் அவரை ஏமாற்றுகிறோம் என்று நான் குறுகிப்போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் எல்லாம் தெரிந்தே போட்டிருக்கிறார். அது சந்தோஷமா அசிங்கமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு" என்றார் அவர். "நாளைக்குக் காலையில எங்கண்ணி வீட்டுக்குப் போ. வெளையாட்டுக்குச் சொன்னேங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவ தெருவுக்கே சொல்லிடுவா. பரீட்சை முடியற வரைக்கும் இங்கயே இருங்க. நானும் உங்கள அனுப்பிட்டு எப்படி நிம்மதியா இருக்கறது?"

"யோசிச்சிச் சொல்றேம்மா" என்றாள் அக்கா. அவள் ஒரு கேள்விக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்குத்தான் நல்ல பழக்கமாயிற்றே. ஆனால் மனசுக்குள் போய்ச் சொல்லித் தொலையேன் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் அக்கா குளித்துவிட்டு, தேய்த்து வைத்திருந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போறக்கா?"

"தெரிஞ்சே தப்பா நிரப்பப் போறேன்" என்றாள். "கால் மார்க்குதானே. போனாப் போவுது."

நானும் கூடப் போனேன். நாத்தனார் எங்களை நடையில் நிற்கவைத்தார். அக்கா சொல்லவேண்டியதைச் சொன்னாள். வாய் தவறாமல், பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது.

"அடிப்பாவி! இதுலயா வெளையாடறது? எனக்கு நேத்தே சந்தேகந்தான். உன்னப் பாத்தா அப்படித் தெரியலியேன்னு இவர்கிட்ட கூடச் சொன்னேன். உள்ள வா, உக்காரு." உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். காபி வந்தது. "அப்ப நம்ம ஜனந்தான்னு சொல்லு."

அக்கா ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். காபியை முழுவதும் குடித்தாள். தெருவில் திரும்பி வரும்போது கடைப் பக்கம் ஒதுங்கி வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் காபி குடித்தால் அப்படித்தான் என்று நான் சொன்னேன், அவளும் ஆமாம் என்றாள்.

அதன் பிறகு பரீட்சை வரை அவள் யார் வாக்கியத்தையும் முடித்துவைக்கவில்லை. டீக்கடையில் யாராவது இழுத்தால் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரிலிருந்து அவள் அம்மா பார்க்க வருகிறேன் என்று போன் செய்தபோது, படிப்பு கெட்டுடும்மா என்று தடுத்துவிட்டாள். மாதிரித் தேர்வில் தெரியாத கேள்விகளை விட ஆரம்பித்தாள். மார்க் கிடுகிடுவென்று ஏறியது. "இதத்தானே நான் தலைபாடா அடிச்சிக்கினேன்!" என்று சார் வகுப்பின் முன்னால் அவள் விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மெயின்ஸிலும் அப்படித்தான் எழுதினாள். தேறினாள். எனக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை.

செய்தி வந்த வாரத்தில் திண்டிவனம் போய், அங்கிருந்து அவள் ஊருக்குப் போனேன். வாசலில் காலனிப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவள் அம்மா சின்ன உருவம். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மூலையில் நிலக்கடலை நிரம்பிய புதுப் பை ஒன்று வாய் கட்டி நின்றிருந்தது.

"மல்லாட்டை. நானே நல்லதா பொறுக்கி வச்சிருக்கேன்" என்றார். "நாளைக்கு விழுப்புரம் போறேன். அந்த அம்மாவ ஒரு தடவ பாத்துக் கும்புட்டுட்டு வந்துடணும். எம்பொண்ண வூட்டுல வச்சிக்கினு, கொழம்பு குடுத்து, அதுவும் நம்மள வச்சிக்கினு... எவ செய்வா இந்தக் காலத்துல?"

"வேணாம்மா" என்றாள் அக்கா.

"ஏன்டி?"

"வேணாம், வுடும்மா."

"ஏன், நாம யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா? சொல்லலியா நீ?"

"அவங்களுக்குத் தெரியும்மா. நாந்தான்..." என்றாள் அக்கா.

அதற்கு மேல் வரவில்லை. நான் காத்திருந்தேன். அவள் அம்மாவும் காத்திருந்தார். தெருவில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் எழுந்து போகவும் இல்லை. வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள், மாடிப்படிக்கு ஓடி வருவதற்கு முன்னால் சாரின் எதிரில் நான் நின்றேனே, அந்த மாதிரி.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லுமே. இன்னா பண்ணா இவ?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையின் கட்டை அவிழ்த்து, முறத்தை இழுத்து, மல்லாட்டையைக் கொட்டினார். வாசலில் நிற்கிற பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லி முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.